ஜெபத்துக்கு வர மறுத்தவள்: வாசகர் கேள்வி–பதில்

போன இதழில், ஆள்கடத்தலிலிருந்து மீண்ட பெண்களுக்கான இல்லம் ஒன்றில் பதினேழு வருடம் பொறுப்பாளராக இருந்தேன் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள்தான் இந்த முறை பக்கம் முழுக்க. இல்லம் எங்கே இருக்கிறது, என்ன பெயர் என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். அதை மட்டும் எழுத மாட்டேன். அங்கே இருப்பவர்களைத் தேடிக்கொண்டிருக்கும் ஆட்களும் பத்திரிகை படிப்பார்கள். பெண்களைப் பற்றிச் சொல்லும் இடங்களிலும் அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் சபைக்கு எட்டு அறையுள்ள பெரிய வீடு ஒன்று தானமாக வந்திருக்கிறது. கடத்தலில் மீட்கப்பட்ட பெண்களுக்கு அதில் இல்லம் தொடங்கலாம் என்று கமிட்டியில் தீர்மானம் ஆகிவிட்டது. மூன்று மாதத்தில் திறக்க ஆசை. காலை ஜெபம், வேத பாடம், தையல் பயிற்சி, இரவு ஜெபம் என்று அட்டவணைகூடப் போட்டாயிற்று. இன்னும் என்ன வேண்டும்?
– சபைச் செயலாளர் ஒருவர்

பதில்: முதலில் அந்த அட்டவணையைக் கிழித்துப் போடுங்கள் ஐயா. கோபப்படாதீர்கள், நாங்களும் அப்படி ஒன்றை வைத்துக்கொண்டுதான் தொடங்கினோம். காலை ஐந்தரைக்கு மணி அடிப்போம்.

முதல் வருடம் ஒரு பெண் வந்தாள். மணி அடித்ததும் முதல் ஆளாக வந்து உட்காருவாள். பத்தே நாளில் எல்லாப் பாட்டும் மனப்பாடம். கண்ணை மூடச் சொன்னால் மூடுவாள், மண்டியிடச் சொன்னால் மண்டியிடுவாள். இல்லத்தைப் பார்க்க வருகிறவர்களிடம் அவளைத்தான் பெருமையாகக் காட்டுவோம். நாலாம் மாதம் குழாய் ரிப்பேர் செய்ய ஒரு ஆள் வந்தார். பாவம், நல்ல மனிதர். "அந்த வாளியைக் கொஞ்சம் எடுத்துட்டு வாம்மா" என்றார், அவ்வளவுதான். அவள் எழுந்த வேகத்தையும் முகத்தையும் பார்த்தேன். தினமும் காலையில் ஜெபத்துக்கு வரும்போது இருக்கிற அதே முகம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. யார் எதைச் சொன்னாலும் உடனே செய்துவிட்டால் அடி விழாது என்பது அவள் பழகிய பாடம். அதைத்தான் எங்களிடமும் செய்துகொண்டிருந்தாள். நாங்கள் அதற்குப் பக்தி என்று பெயர் வைத்து, காணிக்கை கொடுத்தவர்களுக்கு ரிப்போர்ட்டும் எழுதி அனுப்பியிருந்தோம்.

அடுத்த வருடம் வேறொருத்தி. ஜெப அறை வாசலிலேயே நின்றுகொண்டு, "நான் வரல" என்றாள். நான் கண்டித்தேன். அன்று மாலை எங்கள் கவுன்சலர் என்னைத் தனியே கூப்பிட்டு, "அக்கா, மூணு வருஷத்துல அவ வாயிலேர்ந்து வந்த முதல் 'மாட்டேன்' அது. நீங்க சந்தோஷப்பட்டிருக்கணும்" என்றாள். அந்தக் கவுன்சலருக்கு என்னைவிட இருபது வயது குறைவு. அன்றைக்கு இரவு எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. மறுநாள் மணியைக் கழற்றிவிட்டோம். ஜெபம் நடந்துகொண்டுதான் இருந்தது. கதவு திறந்திருக்கும், வருகிறவர்கள் வரலாம், நடுவில் எழுந்து போகலாம், ஏன் என்று கேட்க மாட்டோம். சில நாள் நானும் சமையல்கார அக்காவும் மட்டும் உட்கார்ந்திருப்போம்.

சரி, உங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். எட்டு அறை என்றால் எட்டுப் பெண்கள், பதினாறு இல்லை. ஒவ்வொரு கதவுக்கும் உள்பக்கம் தாழ்ப்பாள் வேண்டும். அவசரத்துக்கு வெளியிலிருந்து திறக்க ஒரு மாற்றுச் சாவி, அதை யார் எப்போது எடுத்தார்கள் என்று எழுதிவைக்க ஒரு நோட்டு. வெளிக்கதவில் அவர்களை உள்ளே வைத்துப் பூட்டும் பூட்டு இருக்கவே கூடாது. இரவில் ஷிப்ட் முறையில் விழித்திருக்கும் பெண் ஊழியர்கள் வேண்டும், ஏனென்றால் எல்லாம் நடப்பது இரவு ஒன்றிலிருந்து நாலு மணிக்குள்தான். ஒருத்தி கட்டிலில் படுக்க மாட்டாள், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் தரையில் படுப்பாள். ஒருத்தி செருப்பைப் போட்டுக்கொண்டே தூங்குவாள். இன்னொருத்தி சாப்பாட்டைத் தலையணை உறைக்குள் ஒளித்து வைப்பாள். எறும்பு வந்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதை நாங்கள் பறிக்கவில்லை. மூடி போட்ட டப்பா ஒன்று வாங்கிக் கொடுத்தோம், அவ்வளவே. எட்டு மாதம் கழித்து அந்த டப்பாவைக் கழுவிச் சமையலறையில் கொண்டுவந்து வைத்தாள்.

பணம். திறப்பு விழாவுக்கு இருக்கும் பணத்தைச் சொல்லவில்லை, இரண்டு வருடச் செலவு முழுக்கக் கையில் இருக்கிறதா? அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்தில் பெக்கா ஸ்டீவன்ஸ் என்ற கிறிஸ்தவப் பெண் குரு 1997-ல் ஐந்து பெண்களோடு ஒரு வீடு தொடங்கினார். இரண்டு வருடம் இலவசத் தங்கல். வீட்டுக்குள் வார்டன் கிடையாது, பெண்களே வீட்டை நடத்துவார்கள். அவர்களுக்கு வேலை தருவதற்காக மெழுகுவத்தி செய்யும் தொழிலைத் தொடங்கியது 2001-ல்தான், நாலு வருடம் கழித்து. வார்டன் இல்லாத வீடு எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ஐந்து பேரோடு ஆரம்பித்த நிதானத்தை மட்டும் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்தத் தையல் மிஷின். எந்த இல்லத்துக்குப் போனாலும் தையல் மிஷின் இருக்கிறது. தைக்கப் பிடிக்குமா என்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. எங்களிடம் இருந்த ஒருத்திக்கு லாரி ஓட்ட ஆசை. இன்று ஓட்டுகிறாள். ஒருவேளை தையலே கற்றுக்கொடுத்தாலும், அவர்கள் தைத்ததை விற்றால் கூலியை அவர்கள் கையில் கொடுங்கள். ஊழியம் என்று சொல்லிச் சும்மா வேலை வாங்கினால், அவர்கள் தப்பி வந்த இடத்துக்கும் உங்கள் இடத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பார்கள். கேட்காவிட்டாலும் நினைப்பார்கள்.

மூன்று மாதம் போதாது. ஒரு வருடம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் தங்கை ஒரு மத அமைப்பின் இல்லத்தில் ஐந்து மாதமாக இருக்கிறாள். நாங்கள் வேறு மதம். ஆராதனைக்கு வராத வாரம் வீட்டுக்குப் போன் பேச விடுவதில்லை என்கிறாள். அவளைக் காப்பாற்றியதே அவர்கள்தான், அதனால் எதிர்த்துக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. பொறுத்துப் போகலாமா?
– பெயர் வேண்டாம்

பதில்: பொறுத்துப் போகவேண்டாம் தம்பி. நன்றி வேறு, இது வேறு.

போனைக் கட்டுப்படுத்த ஒரு நியாயமான காரணம் உண்டு. கடத்திய ஆள் பழைய நம்பர் வழியாகத் தேடுவான், மிரட்டுவான், கெஞ்சுவான். அதனால் முதல் சில வாரங்களுக்குப் பழைய சிம்மைக் கழற்றி வைக்கச் சொல்வது பல இல்லங்களில் நடக்கும். அப்படிச் செய்தால் ஏன் என்று அவளிடம் விளக்க வேண்டும், எந்தத் தேதி வரை என்று சொல்ல வேண்டும், வீட்டாரோடு பேசப் பாதுகாப்பான வேறு வழி கொடுக்க வேண்டும். உங்கள் தங்கை விஷயம் அதில் சேராது. ஆராதனைக்கு வந்தால் போன், வராவிட்டால் இல்லை என்றால் அது பேரம். போன், சாப்பாடு, டாக்டர், வக்கீல், அடையாள அட்டை, இவற்றில் எதையும் ஜெபத்தோடு முடிச்சுப் போடக்கூடாது.

மத அமைப்பு என்றால் இப்படித்தான் இருக்கும் என்றும் நினைக்காதீர்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கடத்தலில் மீண்டவர்களைப் பராமரிக்கும் அரசு ஒப்பந்தம் 2011-ல் சால்வேஷன் ஆர்மியிடம் கொடுக்கப்பட்டது. அது கிறிஸ்தவ அமைப்பு, ஒளிவு மறைவு இல்லை. ஆனால் எந்த மதத்தவருக்கும், மதமே இல்லாதவருக்கும் அதே பராமரிப்புதான் கொடுக்க வேண்டியிருந்தது, கொடுத்தார்கள்.

பொறுப்பாளரிடம் நேரில் போய், விதிகளை எழுத்தில் கேளுங்கள். "எழுத்தில்" என்ற சொல்லைக் கேட்டதும் பல விதிகள் தானாகவே மறைந்துவிடும், அனுபவத்தில் சொல்கிறேன். தரவில்லை என்றால், அவளுடைய வழக்கைப் பார்க்கும் அதிகாரியிடமோ வக்கீலிடமோ சொல்லுங்கள். அதற்கு முன்னால் தங்கையிடம் கேட்டுவிடுங்கள், அவளுக்குத் தெரியாமல் அவளுக்காக எதுவும் செய்யாதீர்கள்.

கேள்வி: பழைய துணிமணிகள் அனுப்பலாமா?
– வாசகி

பதில்: துணி வேண்டாம், பெட்டி அனுப்புங்கள். பூட்டும் சாவியும் உள்ள நல்ல பெட்டி. பாதிப் பேர் பாலித்தீன் பையோடுதான் வருகிறார்கள். துணியே கொடுக்க வேண்டுமென்றால் புது உள்ளாடை, வெவ்வேறு அளவில். பழையதை அணிய அவர்களைக் கேட்காதீர்கள், நிறைய நாள் அடுத்தவர் கொடுத்ததையே அணிந்திருக்கிறார்கள். உங்களுக்குத் தெரிந்த பல் டாக்டர் மாதம் ஒரு நாள் இலவசமாகப் பார்ப்பாரானால் அது துணியைவிடப் பெரிய உதவி.

கேள்வி: மதத்தின் பெயரால் பெண்களை அடைத்து வைத்த வரலாறு தெரிந்தும், இந்த வேலையை மத அமைப்புகளிடம் விடலாமா? மனநல மருத்துவரும் அரசும் பார்த்துக்கொண்டால் போதாதா?
– கல்லூரி ஆசிரியர் ஒருவர்

பதில்: நீங்கள் எதை மனதில் வைத்துக் கேட்கிறீர்கள் என்று புரிகிறது. அயர்லாந்தின் மக்தலேனா சலவைக்கூடங்கள். 1922 முதல் 1996 வரை சுமார் 10,000 பெண்கள் அவற்றுக்குள் போனார்கள் என்று 2013-ல் வந்த அரசு அறிக்கையே சொன்னது. அந்த மாதமே பிரதமர் எண்டா கென்னி நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். கன்னியாஸ்திரீகள் நடத்திய இடங்கள். கூலி இல்லாமல் துணி துவைத்தார்கள். 1993-ல் டப்ளினில் ஒரு மடம் தன் நிலத்தை விற்றபோது கல்லறைகளைத் தோண்டினார்கள், 155 பெண்களின் எச்சங்கள் வந்தன. பலருக்கு இறப்புச் சான்றிதழே இல்லை.

இதில் என்னை மிகவும் உலுக்கியது வேறொரு விஷயம். உள்ளே வந்த பல பெண்களுக்குப் புதுப்பெயர் வைத்துவிடுவார்கள். கடத்துகிறவனும் முதலில் செய்வது அதைத்தான். அதைப் படித்த பிறகு, புதிதாக வருகிறவளிடம் பதிவேட்டைத் திறப்பதற்கு முன்னால் "உன்னை எப்படிக் கூப்பிடட்டும்?" என்று கேட்பதை வழக்கமாக்கினேன். ஒருத்தி மூன்று நாள் யோசித்துவிட்டுத் தன் பாட்டி பெயரைச் சொன்னாள்.

ஆக, உங்கள் சந்தேகத்தை நான் தள்ளவில்லை. ஆனால் நம்பிக்கையை வாசலோடு நிறுத்திவிட்டால் தீர்ந்தது என்பதையும் ஏற்க மாட்டேன். ஏனென்றால் அது பெண்ணோடு சேர்ந்தே உள்ளே வருகிறது, பெரும்பாலும் அடிபட்டு வருகிறது. நைஜீரியாவின் எடோ மாநிலத்திலிருந்து ஐரோப்பாவுக்குக் கடத்தப்பட்ட பெண்களைப் பாருங்கள். புறப்படும் முன் பூசாரி முன்னால் சத்தியம் வாங்கிவிடுவார்கள்: கடனை அடைக்காமல் ஓடினாலோ, போலீஸில் சொன்னாலோ நீயும் உன் குடும்பமும் அழிவீர்கள் என்று. பூட்டே தேவையில்லை. 2018 மார்ச்சில், அதே எடோவில் இருக்கும் பெனின் நகரத்தின் பாரம்பரிய அரசர் இரண்டாம் எவுவாரே, பூசாரிகளையெல்லாம் வரவழைத்து, அந்தச் சத்தியங்கள் இனி செல்லாது என்று சடங்கு செய்தே ரத்து செய்தார். நல்ல மனநல மருத்துவர் எத்தனை மாதம் பேசினாலும் அசையாத ஒரு முடிச்சு அது. போட்ட இடத்தில்தான் அதை அவிழ்க்க முடிந்தது.

எங்களிடமும், "சாமி என்னைத் தண்டிக்கிறார்" என்று நம்பிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. அதைக் கேட்டு முகம் சுளிக்காமல், அவசரப்பட்டு மறுக்கவும் செய்யாமல், பக்கத்தில் உட்கார ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு மேலே வெளியிலிருந்து கேள்வி கேட்கும் அதிகாரமும் வேண்டும். முன்னறிவிப்பு இல்லாமல் எந்த நாளும் உள்ளே வந்து, பெண்களோடு தனியாகப் பேச அனுமதியுள்ள ஒரு வெளியாள் இல்லாத மத இல்லத்தை நான் நம்ப மாட்டேன். நான் நடத்தினாலும் சரி.

கேள்வி: எங்கள் இல்லத்தில் இருக்கும் ஒரு பெண் தூக்கமாத்திரையும் போதைப்பொருளும் பழகியவள். உபவாச ஜெபத்தில் விடுதலை கிடைக்கும், மருந்து எல்லாவற்றையும் நிறுத்து என்கிறார் எங்கள் மூத்தவர். சரியா?
– தொண்டர்

பதில்: இல்லை. குடியையும் சில வகைத் தூக்கமாத்திரைகளையும் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வந்து உயிரே போகலாம். ஹெராயின் போன்றவற்றில் ஆபத்து வேறு மாதிரி. சில வாரம் விட்டிருந்துவிட்டுப் பழைய அளவை மறுபடி எடுத்தால் உடம்பு தாங்காது, அப்படித்தான் பலர் சாகிறார்கள். இன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபிக்கட்டும், மருந்துச் சீட்டைத் தொடவேண்டாம்.

கேள்வி: அவ்வளவு செய்தும் ஒரு பெண் இரண்டு மாதத்தில் பழைய ஆளிடமே திரும்பிப் போய்விட்டாள். "முதலிலேயே அவளாக விரும்பிப் போனவள்தானே, நன்றி கெட்டவள், இனி சேர்க்கக் கூடாது" என்கிறார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை.
– இல்ல ஊழியர்

பதில்: உங்கள் மனசு சரியாகத்தான் இருக்கிறது அம்மா. "விரும்பிப் போனவள்" என்ற பேச்சை ஐக்கிய நாடுகள் சபை 2000-லேயே முடித்துவைத்துவிட்டது. ஆள்கடத்தலுக்கு எதிராக அது கொண்டுவந்த பலெர்மோ நெறிமுறையின் மூன்றாவது பிரிவைப் படித்துக் காட்டுங்கள்: மிரட்டல், ஏமாற்று, பலவீனத்தைப் பயன்படுத்துவது இப்படி ஏதாவது ஒன்று நடந்திருந்தால் அவள் சம்மதித்தாளா என்ற கேள்விக்கே இடமில்லை. பதினெட்டு வயதுக்குள் என்றால் மிரட்டலோ ஏமாற்றோ நடந்ததா என்றுகூடப் பார்க்கத் தேவையில்லை.

ஏன் போகிறார்கள் என்றால், ஒவ்வொருத்திக்கும் ஒரு கணக்கு. குழந்தை அவனிடம் இருக்கும். கடன் அடையவில்லை என்று நிஜமாகவே நம்புவாள். அடித்த அதே கைதான் காய்ச்சலில் தண்ணீர் கொடுத்த கை, உலகத்தில் தன்னைத் தெரிந்த ஒரே ஆள் அவன். நம் இல்லத்தின் அமைதியும் ஒரு காரணம், நீங்கள் நம்ப மாட்டீர்கள். எப்போது அடி விழும் என்றே வாழ்ந்தவளுக்கு அடி விழாத இரண்டு மாதம் பெரிய பயம். எங்களிடம் ஒருத்தி நாலு தடவை போய் ஐந்தாவது தடவை தங்கினாள். நாலாவது தடவை வந்தபோது வாசலிலேயே, "திட்டுவீங்களா?" என்று கேட்டாள். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டேன். அவள் படுக்கையை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டிருந்தோம், அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

ஒன்று மட்டும் கவனம். அவள் வாயிலிருந்து உங்கள் முகவரி அவனுக்குப் போயிருக்கலாம். மற்றப் பெண்களின் பாதுகாப்புக்காக, திரும்பி வருபவளை முதலில் வேறு இடத்தில் சந்தியுங்கள். அவளைச் சேர்க்கலாமா என்ற கேள்வியையும் இந்தக் கேள்வியையும் கமிட்டியார் ஒன்றாகக் குழப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் இப்படி ஓர் இல்லத்தில் பதினொரு மாதம் இருந்தவள். என்னை விற்றது என் சொந்த அத்தை. அவரை மன்னிக்காவிட்டால் குணமாக மாட்டாய் என்று அங்கே சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஆண்டுவிழாவில் சாட்சி சொல்லச் சொன்னார்கள், மேடை ஏறி ஒன்றும் வராமல் இறங்கிவிட்டேன். இப்போது வேலைக்குப் போகிறேன், தனி அறை. நான் அத்தையை மன்னிக்கவில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஏனோ ஆராதனைக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்காருகிறேன், பாதியில் எழுந்து வந்துவிடுகிறேன். இது இரட்டை வேஷமா?
– ஒரு பெண்

பதில்: இல்லை மகளே.

மேடை விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உன்னை அங்கே ஏற்றியிருக்கக் கூடாது. கேட்கிறவர்கள் கண் துடைத்துக்கொண்டு, காணிக்கை போட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அன்றிரவு தூக்கமில்லாமல் கிடப்பது நீ. நானும் என் காலத்தில் இரண்டு பெண்களை அப்படி மேடையேற்றியிருக்கிறேன். ஒருத்தி பேசி முடித்துக் கைதட்டல் வாங்கி, பின்பக்கம் வந்து வாந்தி எடுத்தாள். அதோடு நிறுத்தினோம்.

மன்னிப்பைக் குணமாவதற்கு நுழைவுச்சீட்டு போல உன் கையில் திணித்திருக்கிறார்கள். பதினேழு வருடத்தில் மன்னித்து நன்றாக இருப்பவர்களையும் பார்த்தேன், மன்னிக்காமல் நன்றாக இருப்பவர்களையும் பார்த்தேன். தூக்கம் வந்தது, வேலை கிடைத்தது, ஒரு சிநேகிதி கிடைத்தாள், அதையெல்லாம் வைத்துத்தான் அவர்கள் தேறினார்கள். உன் அத்தைமேல் நீ வழக்கில் சாட்சி சொல்வதாக இருந்தால் அது பழிவாங்கல் ஆகாது, அவர் இன்னொரு பெண்ணை விற்காமலிருக்க அது ஒரு வழி. வேண்டாம் என்று நீ முடிவு செய்தால் அதுவும் உன் இஷ்டம். வக்கீலை ஒருமுறை தனியாகப் பார்த்துவிட்டு முடிவு செய்.

அந்த ஆராதனையில் பைபிளிலிருந்து சங்கீதம் எல்லாம் வாசிப்பார்கள், 88-ம் சங்கீதத்தை அதிகம் வாசிப்பதாக எனக்குத் தெரியவில்லை. புலம்பலாகத் தொடங்கி, எபிரெய மூலத்தில் இருட்டு என்ற சொல்லோடு முடிந்துவிடும், ஆறுதலாக ஒரு திருப்பம்கூட இல்லை. அதையும் புத்தகத்தில் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். தோன்றினால் படித்துப் பார்.

கடைசி பெஞ்ச் நல்ல இடம், கதவுக்குப் பக்கம். ஓய்வு பெற்ற பிறகு நானும் அங்கேதான் உட்காருகிறேன், முழங்கால் வலி என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். பாதியில் எழுந்து போக வேண்டும்போல இருந்தால் எழுந்து போ, யாரிடமும் காரணம் சொல்லாதே.

உன் கடிதத்தின் கடைசியில், "போன வாரம் ஒரு நாள் தாழ்ப்பாளை ஒரே தடவை மட்டும் பார்த்துவிட்டுத் தூங்கிவிட்டேன்" என்று எழுதி, அதன்மேல் பேனாவால் அடித்திருக்கிறாய். வெளிச்சத்தில் பிடித்து அதையும் படித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.